கவிழ்த்து வைத்த பக்கம்

இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் நம்பவில்லை. ஜெராக்ஸ் கடை குழந்தைவேல் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, பஸ் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, அப்படி இருக்க முடியாது, ஒரு ஊர் முழுக்க அப்படி இருக்கவே முடியாது என்று எனக்கு நானே சொல்லியபடி வீடு திரும்பியிருக்கிறேன். இயந்திரங்களைத்தான் சந்தேகப்பட்டேன் என்று நண்பர்கள் நினைக்கிறார்கள். இயந்திரங்களை முதல் நாளே நம்பிவிட்டேன். இயந்திரம் எதையும் செய்யும். நான் சந்தேகப்பட்டது மனிதர்களை. இப்போது அந்தச் சந்தேகமும் போய்விட்டது, அதனால்தான் எழுதுகிறேன்.

ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் பக்கத்து ஊர்க்காரர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள். ஓர் ஆறு, கரையில் சாயப்பட்டறைகள், பஸ் ஸ்டாண்டும் தாலுகா ஆபீஸும் கோர்ட்டும் அடுத்தடுத்து நிற்கிற ஒரு தெரு, இவ்வளவு போதும். அந்தத் தெருவின் மாடி ஒன்றில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் பிரபாவதி என்ற பெண் பாடம் நடத்தினாள். ஊருக்கு அவள் டீச்சர். ஊருக்கு வெளியே, கடல்களுக்கு அப்பால், பூட்டிய கணினிகளைத் திறந்து பார்ப்பவர்களின் உலகத்தில், அவள் பெயர் கறையான்.

அந்தப் பெயரை ஹாலந்திலும் பிரேசிலிலும் இருந்த ஹேக்கர்கள் மரியாதையோடு சொன்னார்கள். பல நாடுகளின் டெலிபோன் நிலையங்கள் நம்பியிருந்த ஒரு மென்பொருளில் யாரும் புகக்கூடிய ஓட்டை இருப்பதைக் கண்டுபிடித்து, விற்காமல், மிரட்டாமல், செய்தவர்களுக்கே எழுதி, அவர்கள் அலட்சியம் செய்தபோது உலகத்துக்கே எழுதி, அடைக்க வைத்தவர் கறையான். அவர் தாடி வைத்த கிழவர் என்று அவர்கள் நினைத்தார்கள். ஒருவர் படமே வரைந்து அனுப்பினார். அதைச் சென்டர் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு, சந்தேகம் கேட்கும் மாணவர்களிடம், "தாத்தாவைக் கேளுங்க," என்பாளாம்.

அவள் நடத்திய பத்திரிகையின் பெயர் புறவாசல். மடித்துப் பின் அடித்த சில தாள்கள், ஓரத்தில் அவளே வரைந்த ஒரு கறையான், பழுப்பு உறைக்குள் தபாலில் வரும். கமிஷன் மண்டியின் மின்னணுத் தராசு எப்படிக் குறைத்துக் காட்டுகிறது, பழைய செல்போனை எப்படித் திறப்பது, கேபிள்காரன் எதை ஒளித்து வைக்கிறான், எல்லாம் அதில் இருக்கும். முதல் பக்கத்தில் எப்போதும் ஒரே வாசகம்: பூட்டியிருந்தால் பயப்படாதே, யார் பூட்டினார்கள், யாருக்காகப் பூட்டினார்கள் என்று கேள். நான் சந்தாதாரன். ஒரு நாளிதழில் பிழை திருத்தும் வேலை எனக்கு. நாள் முழுக்கப் படித்தும் எதுவும் தெரிந்துகொள்ளாத ஒருவனுக்கு அந்தத் தாள்களைப் பிரிக்கும்போது மட்டும் யாரோ கதவைத் தட்டுவதுபோல இருக்கும்.

அச்சகங்கள் மறுத்ததால் பத்திரிகையைக் குழந்தைவேல் கடையில்தான் நகலெடுத்தாள். கூட்டம் குறையும் மதிய நேரத்தில் மாடியிலிருந்து இறங்கி வருவாள்.

"என்னங்க டீச்சர், இந்த மாசம் எந்த ஊட்டுப் பூட்டை ஒடைச்சீங்க?" என்பார் குழந்தைவேல்.

"ஒடைக்கலீங்கண்ணா. தொறந்து கெடந்துச்சு, எட்டிப் பாத்தேன்."

"எட்டிப் பாத்தாலும் திருட்டுதானுங்க."

"அப்ப தொறந்து போட்டுட்டுப் போனவனுக்குப் பேரு?"

"மொதலாளி."

இருவரும் சிரிப்பார்கள். அடுக்கிப் பின் அடிக்கும்போது அவள், "அடிக்கறதை ஒருவாட்டி படிச்சுத்தான் பாருங்களேண்ணா," என்பாள். அவர் கையெடுத்துக் கும்பிடுவார். நகல் கடைக்கு ஒரு முறை உண்டு என்பது அவர் கட்சி. ஊரின் உயில், விவாகரத்து, போலீஸ் புகார், ஆஸ்பத்திரி ரிப்போர்ட் எல்லாம் கண்ணாடி மேல் வந்து போகும். எதையும் படிக்கக் கூடாது. எழுத்து கீழே இருக்கும்படி கவிழ்த்து வாங்கி, கவிழ்த்து வைத்து, வரும் நகலையும் கவிழ்த்தே கொடுக்க வேண்டும். அதனால்தான் எல்லோரும் அவரிடம் வந்தார்கள்.

பஸ் ஸ்டாண்டில் ஒரு பெரிய பலகை இருந்தது. ஆற்றுத் தண்ணீர் எவ்வளவு சுத்தம் என்று அது எண்களில் சொல்லும், பச்சை விளக்கில். சாயப்பட்டறை முதலாளிகள் எல்லோரும் சேர்ந்து கட்டிய சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து நேராக வருகிற எண்கள் என்று திறப்பு விழாவில் சொன்னார்கள். ஒரு கோடையில் ஆறு வறண்டு, மணலில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். அப்போதும் பலகை தண்ணீரின் சுத்தத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. பஸ்ஸுக்கு நின்ற எல்லோரும் அதைப் பார்த்தார்கள். பிரபாவதி மட்டும் நின்று பார்த்தாள்.

எண்கள் ஆற்றிலிருந்து வரவில்லை. நிலையத்தின் கணக்குப்பிள்ளை அறையில் இருந்த ஒரு கணினியிலிருந்து வந்தன. ஒரு வாரத்துக்கான எண்களை யாரோ உட்கார்ந்து எழுதி வைத்திருந்தார்கள், அவை முடிந்ததும் முதலிலிருந்து ஓடின. அந்தக் கணினிக்குக் கடவுச்சொல்கூட இல்லை. யார் வரப் போகிறார்கள் என்று விட்டிருந்தார்கள். பிரபாவதி தன் கணினி வழியாக அதற்குள் போனாள், எதையும் தொடாமல் பார்த்தாள், அடுத்த புறவாசலில் எழுதினாள். பலகையின் எண்களை ஒரு பக்கமும், மணலைத் தோண்டி ஊறிய தண்ணீரைச் சீசாவில் பிடித்து வெளியூரில் சோதித்து வாங்கிய எண்களை மறு பக்கமும் போட்டாள்.

ஒரு திங்கட்கிழமை முற்பகல், பாடம் நடக்கும்போதே, போலீஸ் மாடி ஏறியது. நிலையத்தின் கணினிக்குள் அத்துமீறி நுழைந்து, உண்மையான எண்களை அழித்துப் பொய் எண்களை வைத்தாள் என்று வழக்கு. கணினிகளையும், அனுப்பாமல் இருந்த பத்திரிகைக் கட்டுகளையும், தாடிக்காரத் தாத்தா படத்தையும் வேனில் ஏற்றினார்கள். கட்டுகளை மட்டும் ஸ்டேஷன் பின்னால் தார் டிரம்மில் போட்டு எரித்தார்கள். மதிய வெயிலில் சாம்பல் தெரு முழுக்கப் பறந்து, தாலுகா ஆபீஸ் வரிசையில் நின்றவர்களின் தோளில் இறங்கியது. தட்டிவிட்டுக்கொண்டு அவர்கள் வரிசையில் நகர்ந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் குழந்தைவேல் கடையில் ஒருவர் சாதிச் சான்றிதழை நீட்டினார். குழந்தைவேல் கவிழ்த்து வைத்துப் பொத்தானை அழுத்தினார். நகலை வாங்கியவர் திருப்பிப் பார்த்தார்.

"என்னங்க இது, என்ற சாதிச் சான்றிதழ்ல பூச்சிப் படம் போட்டிருக்குது?"

"மிஷின் சூடாயிருச்சுங்க, பொறுங்க."

பொறுத்தும் பூச்சிதான் வந்தது. ரேஷன் கார்டை வைத்தால் புறவாசல் வந்தது, பட்டாவை வைத்தால் புறவாசல் வந்தது, கல்யாணப் பத்திரிகையை வைத்தால், ஜாதகத்தை வைத்தால், ஒன்றுமே வைக்காமல் மூடி வைத்தால்கூட புறவாசல் வந்தது, ஒவ்வொரு தாளும் புதுப் பக்கம், ஒவ்வொரு பக்கத்திலும் அன்றைய ஆறு: இன்று கத்தரிப்பூ நிறம், பலகை பச்சை என்கிறது, கீழத்தெரு ஆழ்குழாய்த் தண்ணீரில் குரோமியம், குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள். ஊரின் எல்லாக் கடைகளிலும் அப்படித்தான், தாலுகா ஆபீஸ் இயந்திரத்திலும் பேங்க் இயந்திரத்திலும் அப்படித்தான். கோயம்புத்தூரிலிருந்து மெக்கானிக் வந்து டிரம்மை மாற்றினார், சோதித்தார், பிரியாணி சாப்பிட்டார், போய்விட்டார். சிறையில் இருந்த பிரபாவதியிடம் கேட்டபோது, "நான் எழுதலீங்க. எழுதியிருந்தா இப்படித்தான் எழுதியிருப்பேன்," என்றாளாம்.

இதுவரை நான் எதையும் சந்தேகப்பட்டதில்லை. இனிமேல்தான்.

அது பள்ளிக்கூடச் சேர்க்கை மாதம். சான்றொப்பம் வாங்கிய நகல் இல்லாமல் எந்த விண்ணப்பமும் போகாது. அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் வீட்டு முன்னால் பெற்றோர் வரிசை தெருமுனை வரை நின்றது. முதல் ஆள் அசலையும் நகலையும் நீட்டினார். தலைமையாசிரியர் இரண்டையும் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார்.

"அசல் சரியா இருக்குது. நகல்ங்கறது அசலோட நகல்தானே? வேற எதோட நகலா இருக்க முடியும்?" என்று சொல்லி, கறையான் படத்துக்குப் பக்கத்தில் பச்சை மையில் கையெழுத்துப் போட்டு, அசலுடன் ஒப்பிடப்பட்டது, உண்மை நகல் என்ற முத்திரையைக் குத்தினார்.

அவ்வளவுதான். அந்த ஒரு முத்திரையோடு அதிசயம் முடிந்து நடைமுறை தொடங்கிவிட்டது. தலைமையாசிரியர் போட்டதால் தாசில்தார் போட்டார், தாசில்தார் போட்டதால் பேங்க் மேனேஜர் வாங்கினார், பத்திரப் பதிவில் வாங்கினார்கள், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வாங்கினார்கள், சென்னைக்குப் போன விண்ணப்பங்களைச் சென்னையிலும் வாங்கினார்கள், ஏனென்றால் முத்திரை இருந்தது, முத்திரை இருக்கும் தாளை எந்த ஊரிலும் யாரும் படிப்பதில்லை. குழந்தைவேலின் முறை ஊரின் முறையானது. ஜனங்கள் நகலைக் கவிழ்த்து வாங்கக் கற்றார்கள், கவிழ்த்து நீட்டக் கற்றார்கள், பீரோவில் கவிழ்த்து அடுக்கக் கற்றார்கள், நிமிர்த்திப் பார்க்கிற குழந்தைகளின் கையில் தட்டக் கற்றார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஜாதக நகலைக் கவிழ்த்து வைத்துப் பொருத்தம் பேசினார்கள். பத்துப் பொருத்தமும் பொருந்தியது. மிஞ்சிய தாளில் போண்டா மடித்தார்கள். எண்ணெய் ஊறி எழுத்து பின்பக்கம் தெரிந்தால், போண்டாவைத் தின்றுவிட்டுத் தாளைக் கசக்கினார்கள்.

முதலாளிகள் சங்கத்தின் செயலாளர் ஆரம்பத்தில் கலங்கிப்போய்க் கடைக்கு வந்தார். முழு மதியமும் ஸ்டூலில் உட்கார்ந்து, வருகிறவர்கள் கவிழ்த்து வாங்கிப் போவதைப் பார்த்தார். எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "நம்ம ஜனம் தங்கமான ஜனமுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த மாதம் சங்கத்தின் சார்பில் அரசுப் பள்ளிக்கு ஒரு ஜெராக்ஸ் மெஷின் அன்பளிப்பாக வந்தது.

ஆற்றைப் பற்றி ஊருக்குத் தெரியாமல் இருந்திருந்தால் மன்னித்திருப்பேன். ஒவ்வொரு வீட்டிலும், ஒவ்வொரு பீரோவிலும், எந்தக் கிணற்றில் என்ன விஷம் என்பது அரசாங்க முத்திரையோடு, உண்மை நகல் என்ற சான்றோடு இருந்தது. உலகத்தில் எந்த உண்மைக்காவது அத்தனை அதிகாரிகள் கையெழுத்துப் போட்டிருப்பார்களா? தெரியவில்லை. எனக்கு ஐம்பத்தாறு வயது. கோபப்பட்டால் ரத்த அழுத்தம் ஏறுகிறது என்று டாக்டர் சொல்கிறார். இதை எழுதும்போது ஏறட்டும்.

வழக்கு வந்தது. பிரபாவதிக்கு எதிராக இருந்தது ஒரே ஓர் ஆவணம்: அவள் நுழைவதற்கு முன் பலகை ஆற்றின் உண்மை எண்களையே காட்டியது என்று நிலையத்தின் நிபுணர் எழுதிய அறிக்கை. அதன் அசல் மேலிடத்துக்குப் போன வழியில் காணாமல் போய்விட்டது. குழந்தைவேல் கடையில் எடுத்த நகல்தான் மிச்சம், அதாவது ஒரு புறவாசல் பக்கம், முத்திரையோடு. அசல் இல்லாதபோது நகலை ஏற்க வேண்டுமானால், எடுத்தவர் கூண்டில் ஏறி, இது அந்த அசலின் நகல்தான் என்று சொல்ல வேண்டும். பிரபாவதியின் வக்கீல் இருதயராஜ் கடைக்கு வந்தார்.

"நீங்க அவங்களுக்காகப் பேச வேண்டாம். தாளைப் பார்த்து, அதுல இருக்கறதைச் சொன்னாப் போதும்."

"சொன்னா என்னாகுங்க?"

"அறிக்கை நிக்காது. அவங்க வீட்டுக்குப் போயிருவாங்க."

"அதைக் கேக்கலீங்க. ஊருக்கு என்னாகுங்க?"

ஒரு தாள் நகல் இல்லை என்றால் எந்தத் தாளும் நகல் இல்லை. அந்த மாதங்களில் வாங்கிய காலேஜ் சீட்டு, வேலை, பட்டா, கடன், எல்லாம் கேள்விக்கு வரும். குழந்தைவேலின் மகள் அந்த வருடம்தான் வெளியூரில் நர்சிங் சேர்ந்திருந்தாள், அப்பா கடையில் எடுத்த நகல்களோடு.

ஊரில் யாரும் அவரை மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் அவருக்கும் எளிதாக இருந்திருக்கும். ஒவ்வொருவராக, தேவையில்லாத ஏதோ ஒரு தாளோடு கடைக்கு வந்தார்கள், நகல் வாங்கினார்கள், போகாமல் கொஞ்சம் நின்றார்கள்.

"பாப்பா நர்சிங் படிக்குதாமுங்க. சந்தோசமுங்க."

"ஆமாங்க."

"நல்லாப் படிக்கட்டுமுங்க."

கோர்ட்டில் பிரபாவதி மெலிந்து, நூல் புடவையில் நின்றிருந்தாளாம். குழந்தைவேல் கூண்டில் ஏறியபோது, "நல்லா இருக்கீங்களாண்ணா?" என்று கேட்டாள். டவாலி அதட்டினான். அரசு வக்கீல் தாளைத் தூரத்திலிருந்து காட்டி, "இது உங்க கடையில எடுத்ததா?" என்றார். ஆமாங்க என்றார். இருதயராஜ் எழுந்து வந்து அந்தத் தாளை அவர் கையிலேயே கொடுத்தார்.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு கோர்ட்டாருக்குப் படிச்சுச் சொல்லுங்க."

குழந்தைவேல் தாளை வாங்கினார். கூண்டின் மேல்கட்டையில் கவிழ்த்து வைத்தார். வைத்துவிட்டுச் சொன்னார்: "நான் எதையும் படிக்கறதில்லீங்கய்யா. கவுத்து வாங்குவேன், கவுத்து வெப்பேன், கவுத்தே குடுப்பேன். தொழில் முறைங்க. நிபுணர் அறிக்கைன்னு குடுத்தாங்க, நகல் எடுத்தேன். அதோட நகல்தானுங்க."

தானே படித்துக் காட்டுவதாக இருதயராஜ் சொன்னார். நிபுணர் அறிக்கை என்று ஏற்கெனவே குறியிடப்பட்ட ஆவணத்தை வேறு விதமாக வாசிப்பது நீதிமன்றத்தைக் குழப்புவதாகும் என்று மாஜிஸ்திரேட் சொன்னார். அவருடைய இடமாறுதல் விண்ணப்பத்தின் இணைப்புகளும் அந்தத் தெருவில் நகலெடுக்கப்பட்டவைதான்.

மூன்று வருடம். தீர்ப்புக்குப் பின் பிரபாவதி வேனில் ஏறும்போது பஸ் ஸ்டாண்டுப் பலகையை நின்று பார்த்தாள்.

அன்று பிற்பகலே இயந்திரங்கள் சரியாகிவிட்டன. ரேஷன் கார்டை வைத்தால் ரேஷன் கார்டு வந்தது. ஜனங்கள் முதலில் நம்பாமல் கவிழ்த்தே வாங்கிப் போனார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். எதற்கும் பழகுகிறவர்கள். விடுதலையானபின் பிரபாவதி அந்த ஊருக்கு வரவில்லை. எங்கே போனாள் என்று எனக்குத் தெரியாது. புறவாசல் வரவில்லை. வெளிநாட்டில் எங்கோ ஓர் அரங்கத்தில், கறையான் இறந்துவிட்டதாக முடிவு செய்து, தாடிக்காரர் படத்தைத் திரையில் காட்டி, எழுந்து நின்று மௌனம் காத்தார்கள் என்று படித்தேன். பலகை இன்னும் பச்சையாகத்தான் எரிகிறது.

பழைய இதழ்களைத் தேடித்தான் முதலில் அந்தக் கடைக்குப் போனேன். அதன்பிறகு எதற்காகப் போகிறேன் என்று தெரியாமல் போய்க்கொண்டிருந்தேன். குழந்தைவேல் நல்ல மனிதர். டீ வாங்கித் தருவார், ஜோக் அடிப்பார், டீச்சரைப் பற்றி உண்மையான பாசத்தோடு பேசுவார். அவரைப் பிடிக்காமல் போயிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் இருந்திருக்காது. கதையை ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் முடிப்பார்: "என்ன பண்றதுங்க சார், படிக்காத தாளைப் பத்தி நான் என்னத்தச் சொல்றது." நானும் தலையாட்டுவேன். ஒரு மனிதன் படிக்காமல் இருக்கலாம். ஊரே படிக்காமல் இருக்குமா? அதைத்தான் பஸ்ஸில் வரும்போதெல்லாம் கேட்டுக்கொண்டேன்.

போன மாதம் இருதயராஜைத் தற்செயலாக ஒரு துக்க வீட்டில் சந்தித்தேன். அன்று கூண்டில் கொடுத்த பக்கத்தில் என்ன இருந்தது என்று கேட்டேன். அவருக்கு மனப்பாடமாக இருந்தது. பிள்ளையார் கோயில் சந்தின் ஆழ்குழாய்த் தண்ணீர் பற்றிய பக்கம் அது. அந்தச் சந்தில் குழந்தைவேலின் வீடு இருக்கிறது. பக்கத்தின் கடைசி வரி: அண்ணா, இதைக் காய்ச்சிக் குடித்தாலும் பிரயோசனமில்லை.

மறுநாளே பஸ் ஏறினேன். நல்ல வெயில். குழந்தைவேல் என்னைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டு, மூலையில் இருந்த பெரிய கேனிலிருந்து தண்ணீர் பிடித்துக் கொடுத்தார்.

"பயப்படாமக் குடிங்க சார், கேன் தண்ணிதான். இங்கத்த போர் தண்ணிய நாங்க வாயில வெக்கறதே இல்லீங்க."

"எப்ப இருந்துங்க?"

"அது ஆச்சுங்க பல வருசம். கேஸ் முடிஞ்ச அன்னிக்குச் சாயந்தரமே ஊட்ல நிறுத்தச் சொல்லிட்டனுங்க."

சொல்லிவிட்டு அவர் வழக்கம்போல ஒரு வாடிக்கையாளரிடம் தாளை வாங்கக் கை நீட்டினார். கண்ணாடி மேல் வைக்கும் முன், பார்வை ஒரு நொடி தாளில் பட்டு, கை அதைத் திருப்பியது. இத்தனை வருடம் அந்தக் கையைப் பார்த்திருக்கிறேன், அந்தப் பார்வையைக் கவனித்ததில்லை. வாடிக்கையாளர் போகும்வரை காத்திருந்தேன். தம்ளரைக் கீழே வைத்தேன்.

"குழந்தைவேல்," என்றேன், "எந்தப் பக்கத்துல எழுத்து இருக்குதுன்னு பார்க்காம, அன்னைக்குக் கோர்ட்டுல அந்தத் தாளை எப்படிங்க கவுத்து வெச்சீங்க?"